கடைமடையிலிருந்து வரும் சொல்



மேட்டூர் அணை திறக்கும் நாள் டெல்டாவுக்கு ஒரு பண்டிகை. வழக்கமான தேதி ஜூன் 12. சில ஆண்டுகளில் அது முன்னே பின்னே நகரும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்தத் தேதியானாலும் ஷட்டர் உயரும் படம் மறுநாள் நாளிதழில் வந்துவிடும். மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கே இன்னொரு விழா. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரியும். அத்தோடு புகைப்படக்காரர்கள் வீடு திரும்பிவிடுவார்கள்.

தண்ணீருக்கு வேலையே அதற்குப் பிறகுதான். கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி இறங்கித் தலைஞாயிறு, வேதாரண்யம், சேதுபாவாசத்திரம் வரை அது போய்ச் சேர வேண்டும். வழியில் ஒரு மதகு பழுதாகி நிற்கும். ஒரு வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கும். தலைமடையில் இரண்டாம் முறையாக வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது கடைமடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும்.

அணையைத் திறக்க ஓர் ஆணை போதும். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஆணை உதவாது. அங்கிருந்து ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னதை இங்கே ஒருவர் காதில் வாங்க வேண்டும்.

பணியிடத்தில் தகவல் தொடர்பும் தலைமையும் என்பதுதான் இன்றைய பேச்சுக்குத் தரப்பட்ட பொருள். இதைப் பற்றிக் கடைகளில் கிடைக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை தலைவர் எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுத்தருகின்றன: நிமிர்ந்து நில், கண்ணைப் பார், கதை சொல். அவற்றில் தவறில்லை. ஆனால் தஞ்சை மண்ணின் ஆயிரம் ஆண்டு அனுபவத்தைப் புரட்டினால் வேறொரு கேள்வியே திரும்பத் திரும்ப எதிரே வந்து நிற்கிறது. மேலே இருப்பவர் சொன்னது கீழே போயிற்றா என்பதல்ல அந்தக் கேள்வி. கீழே இருப்பவர் சொன்னது மேலே வந்ததா, வந்த சொல்லுக்கு உரிய நேரத்தில் பதில் போயிற்றா என்பதே. இங்கே நடந்த சில செயல்களை இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

முதலாவது, தஞ்சை நகரின் நடுவிலேயே நிற்கும் பெரிய கோயில்.

ராஜராஜ சோழன் தன்னுடைய 26-ஆம் ஆட்சியாண்டில், 20-ஆம் நாள், தஞ்சை அரண்மனையின் கீழ்ப்புறத்துத் திருமஞ்சனச் சாலையில் இருந்தபடி ஓர் ஆணையை வாய்மொழியாகச் சொன்னார். பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னது அந்த ஆணை. மன்னர் பட்டியலோடு மற்றவர் பட்டியலும் சேர்ந்தே சுவரில் ஏறியது. நகைகளுக்கு முத்துக்களின் எண்ணிக்கையும் எடையும் உண்டு. எடை போட்ட கல்லுக்கும் பெயர் உண்டு. நெல் அளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். அது ராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்ற விளக்கமும் கல்லிலேயே இருக்கிறது. ‘உங்கள் மரக்கால் வேறு, எங்கள் மரக்கால் வேறு’ என்ற சண்டைக்கு வழியில்லை. விளக்கு எரிக்கக் கொடுத்த கால்நடைக்கும் கணக்கு உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதற்கு ஈடாக நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய்.

இன்றைய பேச்சுக்கு மிக நெருக்கமானது 29-ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் நீண்ட கல்வெட்டு. பணியாளர்களின் பட்டியல் அது. தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயில் ஆடல் மகளிர் 400 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற விவரம். அவர்களைத் தொடர்ந்து நட்டுவனார், பாடகர், வீணை வாசிப்பவர், கணக்கர், குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், நீர் தெளிப்பவர், குயவர், வண்ணார், நாவிதர், தையல்காரர், தச்சர் என்று வரிசை நீள்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். யாருக்கு இரண்டு பங்கு, யாருக்கு ஒன்று, யாருக்கு முக்கால், யாருக்கு அரை என்பதும் எழுதியிருக்கிறது. சம்பளத்தை இரகசியமாக வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைந்த காலத்தில் இதை வாசிப்பவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

ஒருவர் இறந்துவிட்டாலோ ஊரை விட்டுப் போய்விட்டாலோ என்ன செய்வது? அதற்கும் கல் பதில் சொல்கிறது. நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்கு அந்தத் திறமை இல்லையென்றால் திறமை உள்ள ஒருவரைத் தேர்ந்து வேலையைச் செய்விக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால் அதே பணியில் இருக்கும் மற்றவர்கள் தகுதியான ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய ஆளைத் தேர்வதில் உடன் வேலை செய்பவர்களுக்கு இடம் கொடுத்த ஏற்பாடு இது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது.

தெளிவு என்ற அளவில் இதற்கு மேல் ஒரு நிர்வாகம் எழுதிவிட முடியாது. ஆனால் கையில் இருக்கும் கேள்வியை இந்தச் சுவரிடமும் கேட்டாக வேண்டும். நானூறு பெண்களைச் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்கு இடம் மாற்றினார்கள். வர விருப்பமா என்று அவர்களில் யாரையாவது கேட்டதாக அந்த நீண்ட பட்டியலில் ஒரு வரி இல்லை. சுவர் சொல்லும், சுவர் கேட்காது. எழுதி ஒட்டிவிட்டோம், சுற்றறிக்கை அனுப்பிவிட்டோம், வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டோம் என்று நிறைவடைகிற அலுவலகங்கள் ராஜராஜனின் சுவரில் பாதியைத்தான் கட்டியிருக்கின்றன. அதுவும் அவர் அளவுக்குத் தெளிவாக இல்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு, மேலிருந்தவர் கீழே குனிந்து கற்றுக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைக்குப் பெரிய ஆபத்து ஒன்று வந்தது. கல்லணைக்கு மேலே, முக்கொம்பிலேயே காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துகொண்டே போக, காவிரியின் படுகை மணல் மேடிட்டு உயர்ந்துகொண்டே வந்தது. வெள்ளம் எல்லாம் கொள்ளிடத்தில் ஓடிக் கடலுக்குப் போக, காவிரியில் பாசனத்துக்குத் தண்ணீர் குறைந்தது. அதைச் சரிசெய்ய வந்த பொறியாளர் ஆர்தர் காட்டன். 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார்.

ஆழம் காண முடியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது? ஐரோப்பிய பொறியியல் படிப்பு பாறையைத் தேடச் சொல்லும். காவிரியில் பாறைக்கு எங்கே போவது? விடை பக்கத்திலேயே இருந்தது. கரிகாலன் கட்டியது என்று மரபு சொல்லும் கல்லணை, மணலின் மேலேயே நூற்றாண்டுக் கணக்கில் நின்றுகொண்டிருந்தது. காட்டன் அதை ஆராய்ந்தார். மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றோம் என்று பின்னாளில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி, ஆளப்படும் மக்களின் கைத்திறனுக்குக் கடன்பட்டதைப் பதிவு செய்கிறார். 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கட்டைக் கட்டியபோதும் அந்தக் காவிரிப் பாடம் அவருக்குக் கை கொடுத்தது.

அதே மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் ஒன்பது உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. கட்டுமானம் பழையது, வந்த வெள்ளம் பெரியது என்றது அரசுத் தரப்பு. மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்ததே காரணம் என்றன விவசாயச் சங்கங்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். கொள்ளிடத்து மணலைப் பற்றி அந்தச் சங்கங்கள் முறையிடத் தொடங்கியது அன்று இரவல்ல, பல ஆண்டுகளுக்கு முன்பே. படுகையைத் தினமும் பார்க்கிறவரின் சொல்லுக்கு மேலே எவ்வளவு எடை என்பதை அந்த ஆண்டுகள் காட்டிவிட்டன.

மூன்றாவது, டெல்டாக்காரர்கள் பெருமையோடு சொல்லக்கூடிய கதை.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922-இல். 1960-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஊர்ப் பேச்சில் அதற்குப் பேக்கேஜ் திட்டம் என்று பெயர். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பது அதன் வழி. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுவை ரகம் வந்தது. ஜப்பானின் நோரின் 10, கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்த ஜி.இ.பி. 24 என்ற இரண்டின் கலப்பு அது.

நல்ல விதை நிலையத்தில் இருந்தால் போதாது. காவிரியில் தண்ணீர் வருவதற்குள் அந்தச் செய்தி ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் போக வேண்டும். வேளாண் அலுவலர்கள் சைக்கிளில் எத்தனை ஊருக்குப் போவார்கள்? அந்த வேலையை எடுத்துக்கொண்டது 1939 மே மாதம் முதல் ஒலிபரப்பிக்கொண்டிருந்த திருச்சி வானொலி நிலையம். 1966-இல் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் வேளாண்மைக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது திருச்சியும் அவற்றில் ஒன்று. அந்த நெல் எப்படிப் பரவியது என்றால், விவசாயிகள் அதன் எண்ணையே மறந்து ‘ரேடியோ நெல்’ என்று கேட்டு வாங்கும் அளவுக்கு.

அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதில்தான் நிர்வாகிகளுக்குப் பாடம் இருக்கிறது. முதலில், சொன்னவருக்குப் பொருள் தெரிந்திருந்தது. வேளாண்மை படித்த அலுவலரே ஒலிபரப்புப் பிரிவில் இருந்தார். அடுத்தது, நேரம். நாற்றங்கால் விடும் வாரத்தில் நாற்றங்காலைப் பற்றியும் பூச்சி வரும் வாரத்தில் பூச்சியைப் பற்றியும் பேசினால்தான் கேட்பவர் வானொலியை அணைக்காமல் இருப்பார். மூன்றாவது, குரல். ஒலிப்பதிவுக் கருவியோடு வயலுக்குப் போய் விவசாயியைப் பேச வைத்துப் பதிந்து வருவது அந்தப் பிரிவின் வேலை முறை. பக்கத்து ஊர்க்காரர் தன் வரப்பில் நின்று ‘இந்த நெல்லு எனக்கு இப்படிக் கண்டது’ என்று சொல்வதற்கு, மாநிலத் தலைநகரிலிருந்து வரும் அறிக்கை ஈடாகாது. பஞ்சாயத்து ரேடியோ முன்னால் மாலையில் கூடியவர்கள் கேட்டதோடு கலைந்துபோகவில்லை. அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

இப்படிக் கேட்டுப் பேசிச் செய்வதை ஒரு முறையாகவே வகுத்தது கனடா. அங்கே 1941-இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றம், நிகழ்ச்சியைக் கேட்டு, கூடி விவாதித்து, செயலில் இறங்குமாறு கிராமக் குழுக்களை அமைத்தது. குழுக்களின் கருத்துகள் நிலையத்துக்குத் திரும்பி வந்தன. யுனெஸ்கோ உதவியோடு 1956-இல் பூனாவைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களில் அதையே செய்து பார்த்தார்கள். வானொலி இருந்த ஊரைவிட, வானொலியோடு விவாதக் குழுவும் இருந்த ஊரில் அறிவு நன்றாகப் பரவியது என்று அந்த ஆய்வு காட்டியது. ஒலிபெருக்கியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு விவாதக் குழுவை மறந்த அலுவலகங்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் தஞ்சாவூருக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்ததாக முடியும். அதே மாவட்டத்தில், அதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் தலைமையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

டெல்டாவின் பெரிய பணியிடம் எது? அலுவலகமோ ஆலையோ அல்ல, வயல். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். பண்ணையாள் முறையில் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. எதிர்த்து ஒரு சொல் சொல்வதே குற்றம். 1940-களின் தொடக்கத்தில் இங்கே வந்து விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்ல, கன்னட மண்ணில் பிறந்தவர். சேரிகளில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அந்த மக்களின் பேச்சைக் கற்றுக்கொண்டு அவர்களோடு பேசினார். மேடைத் தமிழில் வல்லவர்கள் எத்தனையோ பேர் இருந்த மாவட்டத்தில், வேற்று மொழிக்காரர் ஒருவரால் அது முடிந்தது.

1944-இல் மன்னார்குடியில் நிலவுடைமையாளர், விவசாயச் சங்கம், அரசு அதிகாரிகள் என்று முத்தரப்பும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். சவுக்கடி, சாணிப்பால் கூடாது என்பதும் கூலி அளவும் அதில் பேசி முடிவாயின. பண்ணையாள் ஒருவர் சொன்னது, பண்ணையார் கேட்டே ஆக வேண்டிய இடத்துக்கு முதல் முறையாக வந்தது. 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பேச்சுக்கு ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு சட்டம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வழி உருவாகிவந்தது.

பிறகு பசுமைப் புரட்சி. புதிய ரகம், இரண்டு போகம், கூடுதல் விளைச்சல். விளைச்சல் கூடும்போது கூலியும் கூட வேண்டும் என்று கேட்பது இயல்பு. தஞ்சாவூர் உட்பட ஐந்து மாவட்டங்களை ஆராய்ந்து 1971-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் பிரான்சின் ஃபிராங்கெல், விளைச்சல் பெருகிய வேகத்தில் நிலமுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான பிளவும் பெருகியதைச் சுட்டிக்காட்டினார். கிழக்குத் தஞ்சையில் தொழிலாளர்கள் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். கேட்ட சொல்லுக்குப் பதில் பேச்சாக வரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அதற்குப் பிறகுதான் கூலிப் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நெல் ரகத்தைப் பற்றிய செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோகத் தெரிந்த மாவட்டம், அரைப்படி நெல்லைப் பற்றிய செய்தியைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. கருவி இல்லாமல் போனது காரணமல்ல. வானொலி இருந்தது, அலுவலர்கள் இருந்தார்கள், மன்னார்குடி போட்டுக்கொடுத்த முன்மாதிரி 24 ஆண்டுகளாகக் கண் முன்னால் இருந்தது. மேலே இருப்பவருக்கு இலாபம் தரும் சொல் விரைந்து ஓடும். செலவு வைக்கும் சொல் நடுவழியில் நிற்கும். எந்த நிறுவனத்திலும் தகவல் தொடர்பைச் சோதிக்க வேண்டுமென்றால் முதல் வகையை விட்டுவிட்டு இரண்டாவது வகைச் சொல் எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இலாபக் கணக்கே இல்லாத இடத்திலும் பதவி உயரம் ஒரு சொல்லை நிறுத்திவிடும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. ஓடுபாதையில் பனிமூட்டம். கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி அந்த நிறுவனத்தின் மிக மூத்தவர்களில் ஒருவர். புறப்பட அனுமதி வருவதற்கு முன்பே விமானத்தை ஓடவிட்டார். ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இன்னும் விலகாமல் இருக்கிறதோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். கேட்டவர் அதற்கு மேல் கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

அந்த விபத்தும் அதைப் போன்ற சிலவும் விமானத் துறையின் பயிற்சியையே மாற்றின. 1979-இல் நாசா நடத்திய ஒரு பட்டறையிலிருந்து விமானிக் குழுப் பயிற்சி என்ற புதிய முறை வளர்ந்தது. இளையவருக்கு உரக்கச் சொல்லக் கற்றுக்கொடுப்பது அதில் பாதி. மூத்தவருக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பது மறுபாதி. சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது கட்டாயம். மூத்தவரின் பெருந்தன்மையை நம்பிக்கொண்டிராமல், இளையவர் பேசுவதை வேலை விதியாகவே ஆக்கிவிட்டார்கள்.

இனி இன்றைய டெல்டாவுக்கு வரலாம். அறுவடைக் காலத்தில் இங்கே மிகவும் சூடான பணியிடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். ஒரு பட்டியல் எழுத்தர், ஓர் உதவுபவர், ஒரு காவலர், சுமைதூக்கும் தொழிலாளர்கள். 40 கிலோ சிப்பமாக நெல்லைப் பிடித்து அடுக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. குறுவை அறுவடை முடியும்போதே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். களத்தில் கொட்டிய நெல் நனையும். விதியைத் தளர்த்தும் அதிகாரம் நிலையத்தில் இல்லை, மாவட்டத்தில் இல்லை, சென்னையிலும் இல்லை, டெல்லியில் இருக்கிறது. மாநில அரசு கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து நெல்லை மாதிரி எடுத்துப் போகும். பதில் வருவதற்குள் குவியலின் அடியில் நெல் முளை விட்டிருக்கும்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் பட்டியல் எழுத்தரை நினைத்துப் பாருங்கள். முடிவு எடுத்தவர் அவர் அல்ல. முடிவை மாற்றவும் அவரால் முடியாது. ஆனால் முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிக்கொண்டு வருபவர் கேள்வி கேட்பது அவரைத்தான். வங்கியின் கவுன்ட்டரில், மருத்துவமனையின் வரவேற்பறையில், மின்வாரியத்தின் புகார் எண்ணில் உட்கார்ந்திருப்பவரின் நிலையும் இதுவே. விதியை மாற்ற முடியாவிட்டாலும் மேலே இருப்பவர் அவருக்கு ஒன்று தர முடியும்: எந்த முடிவு யாரிடம் இருக்கிறது, எப்போது பதில் வரும் என்று சொல்லக்கூடிய ஒரு வாக்கியம். ‘புதன்கிழமை மாலைக்குள் தெரியும்’ என்று கேட்டவர் நெல்லுக்குத் தார்ப்பாய் தேடப் போவார். ‘மேலிடத்தில் கேளுங்கள்’ என்று கேட்டவர் சாலையில் உட்காருவார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது தெளிவான பதில், பதிலே இல்லாத நிலை என்ற இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க முடிந்தது. புயலுக்கு முந்தைய எச்சரிக்கை நன்றாகவே வேலை செய்தது. எங்கே, எப்போது, எங்கு போக வேண்டும் என்று தெளிவாகச் சொன்னதால் 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு வந்தார்கள். புயலுக்குப் பிறகு அந்தத் தெளிவு காணாமற்போனது. தென்னை சாய்ந்து, வீடு சரிந்து, மின்சாரம் போன ஊர்களில் யார் வருவார், எப்போது வருவார் என்று சொல்ல ஆள் இல்லை. பல ஊர்களில் மறியல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டபோது ஊர்க்காரர்களே அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். மேலே யார் என்ன அறிவித்தாலும், கம்பத்தின் மேல் ஏறிய ஊழியர் குனிந்து ‘இன்னைக்கு இந்தத் தெரு, நாளைக்கு அந்தத் தெரு’ என்றால் அதை ஊர் நம்பும்.

இளம் அலுவலர்களும் சிறு நிறுவனங்களை நடத்துபவர்களும் இதிலிருந்து செய்து பார்க்கக் கூடியவை சில உண்டு. ஆய்வுக் கூட்டத்தை எப்போதும் மூத்தவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். அவர் சொல்லி முடித்த பிறகு இளையவருக்கு ஒத்துப் பாடுவதைத் தவிர வேலை இராது. அதைத் தலைகீழாக்கி, கடைசி மதகில் நிற்கும் பாசனப் பணியாளரான லஸ்கரையும் நிலையத்துப் பட்டியல் எழுத்தரையும் முதலில் பேச வைத்தால் கூட்டத்தில் வேறு விஷயம் வரும். தொலைபேசியில் சொல்லும் உத்தரவைத் திருப்பிச் சொல்லச் சொல்வது இன்னொன்று. எந்த மதகு, எத்தனை அடி, எத்தனை மணி வரை என்று மறுமுனை சொல்லி முடிக்கும் வரை உத்தரவு முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. யாருக்கு என்ன பொறுப்பு, என்ன ஊதியம், ஆள் இல்லாதபோது யார் என்பதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவைப்பது மூன்றாவது. இதற்கு முன்மாதிரி வேண்டுமென்றால் பெரிய கோயிலின் சுவரைச் சுற்றிவந்தால் போதும்.

நான்காவதற்கு இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். மாதந்தோறும் அங்கே விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. டெல்டா விவசாயிகள் கருகிய பயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள், அழுகிய நாற்றைத் தூக்கிக் காட்டுவார்கள், தூர்வாராத வாய்க்காலின் பெயரை ஒலிவாங்கியில் உரக்கச் சொல்வார்கள். கீழிருந்து மேலே சொல் வருவதற்கு அரசே வைத்திருக்கும் வழி இது; வேறு பல பணியிடங்களில் இந்த அளவு வழிகூடக் கிடையாது. அங்கே அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: ‘போன மாசம் சொன்னதுக்கு என்ன ஆச்சு?’ கூட்டத்தின் கடைசியில், எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் அதைக் கேட்பார்.

அந்தக் கேள்வியைக் கூட்டத்தின் முதல் பொருளாக வைக்கலாம். சென்ற மாதம் வந்த மனுக்கள் எத்தனை, முடிந்தவை எவை, முடியாதவை எவை, முடியாது என்றால் ஏன், இன்னும் நிற்பவை யாருடைய மேசையில் என்று ஒரு தாளில் எழுதி, கூட்டம் தொடங்கும்போதே வாசித்துவிடலாம். ஒரு வங்கிக் கிளையிலும் இதைச் செய்யலாம், ஓர் அரிசி ஆலையிலும் செய்யலாம், ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையிலும் செய்யலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலை இந்த வாரமே தட்டச்சு செய்யப்போகிறவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கக்கூடும்.

கேள்விகள் இருந்தால், பின்வரிசையில் இருப்பவர்கள் முதலில் கேட்கலாம்.